பெட்டி நிறையாவிட்டால் என்ன?

(ஷஃபான் மாதக் கடைசி வாரத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வல்ல இறைவனைப் புகழ்ந்து, அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் ஓதித் தொடங்குகின்றோம்.

 

ரமளான் நம் வாசலில் நிற்கிறது. அதன் பின்னே பெருநாள். ஷவ்வால் பிறந்துவிட்டால் நிக்காஹ் வைபவங்கள். இந்த மாதங்களில் நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, 'யாருக்கு என்ன கொடுப்பது?' என்பதாகும். அதற்கு அடுத்த கேள்வி, 'அதற்கு எங்கே கடன் வாங்குவது?' என்பது. முதல் கேள்வி கூடத்தில் உரக்கக் கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்வி இரவில், விளக்கணைத்த பின், தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. இமாமாக இருப்பவருக்கு இந்த இரண்டாவது கேள்வியும் வந்து சேர்ந்துவிடுகிறது. எனவேதான் இன்று இதைப் பற்றிப் பேச எண்ணினோம்.

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஓர் இரவு, நம் மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அங்கே எலக்ட்ரீஷியனாகப் பணிபுரிபவர். பெயர் வேண்டாம், அவருடைய சம்மதத்தைப் பெற்றே இதைச் சொல்கிறோம். மூன்று ஆண்டுகளாக அவர் ஊர் வரவில்லை. விடுப்பு கிடைத்துவிட்டது. கம்பெனி டிக்கெட்டும் கொடுத்துவிட்டது. ஆனாலும் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடப் போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டோம். "ஹஜ்ரத், வீட்டுக்கு அனுப்பியதும் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக என் கையில் முந்நூறு திர்ஹம்தான் மிஞ்சியிருக்கிறது. பட்டியல் எழுதிப் பார்த்தேன். முப்பத்து நான்கு பேர் வருகிறார்கள். எப்படிப் பெட்டி கட்டுவது?" என்றார்.

பெற்ற தாயின் முகம் பார்க்க ஒரு மகன் வருவதற்கு விசா தடையாக நின்றால் விளங்கிக்கொள்ளலாம். சோப்பும் தைலமும் தடையாக நிற்பதை எப்படி விளங்கிக்கொள்வது? 'நீர் புறப்பட்டு வாரும், மற்றதை நாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று அவரிடம் சொல்லிவிட்டோம். மறுநாள் அவருடைய தாயாரைச் சந்திக்கச் சென்றோம். அந்த அம்மையார் கதவுக்குப் பின் நின்றபடி சொன்ன பதில் நம்மைச் சிந்திக்க வைத்தது. "அவன் வந்தாலே எனக்குப் போதும் ஹஜ்ரத். ஆனால் மறுநாள் காலையில் வந்து உட்காருகிறவர்களுக்கு நான் எந்த முகத்தோடு தேநீர் கொடுப்பேன்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்தபோதெல்லாம் நான் வாங்கி வைத்துக்கொண்டேனே!"

அந்த அம்மையாரிடம் நாம் குறை காணவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாங்கியது கடனாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அது எந்த நோட்டிலும் எழுதப்படாத கடன். நிக்காஹ் வீட்டு மொய்யிலாவது நோட்டு உண்டு, தொகை உண்டு. மொய்யால் பல குடும்பங்களுக்கு நெருக்கடியான நேரத்தில் கைகொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டோம். ஆனால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு கொடுப்பதையும் வாங்குவதையும் 'ஹதியா' என்ற அழகிய பெயரால் அழைப்பதுதான் பொருந்தவில்லை.

இந்தப் பெட்டி வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின் வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. நம் ஊர்களிலிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றார்கள். அந்நாளில் வெளிநாட்டுப் பொருள்கள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே திரும்பி வருபவர் கொண்டுவந்த கோடாலித் தைலம், டேங் பொடி, நிடோ பால்மாவு, வாசனை சோப்பு, சென்ட் குப்பி, ஜப்பான் சேலை எல்லாம் உண்மையிலேயே இங்குள்ளவர்களுக்குக் கிட்டாத பொருள்களாக இருந்தன. கிட்டாததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது அன்பளிப்பு. 1991இல் பொருளாதாரக் கொள்கை மாறிய பின் ஒவ்வொன்றாக அவை நம் கடைத்தெருவுக்கே வந்துவிட்டன. அங்கே வாங்கி, எடை போட்டு, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் அதே சோப்பு, நம் தெருமுனைக் கடையிலும் தொங்குகிறது. காரணம் போய்விட்டது, கட்டாயம் மட்டும் தங்கிவிட்டது.

இனி, நம் மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம். ஓர் அண்டை வீட்டுப் பெண் மற்றோர் அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதில், ஆட்டின் குளம்பளவே ஆனாலும் அதை இழிவாகக் கருத வேண்டாம் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. ஆட்டின் குளம்பில் இறைச்சி எவ்வளவு இருக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் கசாப்புக் கடைச் சகோதரருக்குத் தெரியும். ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இந்த ஹதீஸை நாம் வழக்கமாகக் கொடுப்பவருக்குச் சொல்லப்பட்ட உபதேசமாகவே எடுத்துப் பேசுகிறோம்: சிறிதாயிற்றே என்று தயங்காமல் கொடு என்று. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் முதலில் அவ்வாறே விளக்குகிறார்கள். ஆனால் இது வாங்குபவருக்கான தடையாகவும் இருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. அதாவது, வந்ததை அற்பமென்று எண்ணாதே என்பது.

நம் ஜமாஅத்திற்கு இன்று அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டாவது விளக்கம் என்றே கருதுகிறோம். ஏனெனில் கொடுப்பவரின் செலவை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் வாங்குபவர்தான். பொருளைப் புரட்டிப் பார்க்கும் ஒரு பார்வை போதும், 'இவ்வளவுதானா?' என்ற ஒரு சொல் போதும். அடுத்த முறை அந்த மனிதர் கடன் வாங்கிவிடுவார். ஓர் ஆட்டுக்காலைச் சமைத்து விருந்துக்கு அழைத்தாலும் ஏற்றுச் செல்வதாகவும், அதையே அன்பளிப்பாகத் தந்தாலும் பெற்றுக்கொள்வதாகவும் அண்ணலார் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று கொடுப்பதற்கு மதீனாவில் எந்த ஏழையும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இதில் நாம் நல்லவராக நடந்துகொண்டோம் என்று சொல்ல வரவில்லை. நம் கதையையும் கேளுங்கள். இமாமின் மாதச் சம்பளம் இந்த ஜமாஅத்தில் ரகசியம் அல்ல. ஆண்டுதோறும் வரவு செலவுப் பக்கத்தில் அச்சாகிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நம் லாத்தாவின் மகளுக்கு நிக்காஹ். தாய்மாமன் என்ற முறையில் பெரிதாக ஒன்று செய்யாவிட்டால் கௌரவம் என்னாவது என்று எண்ணினோம். மனைவியின் கம்மலை அடகுக் கடையில் வைத்து ஒரு வெட் கிரைண்டர் வாங்கிக் கொடுத்தோம். மிம்பரில் நின்று வட்டியைக் கண்டித்த நாவு, அடகுக் கடைக்காரர் வட்டி விகிதம் சொன்னபோது வாயடைத்து நின்றது. அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது கிரைண்டர் அது. அட்டைப் பெட்டி பிரிக்கப்படாமலேயே பரணில் ஏறியது. கம்மலை மீட்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதுவரை நம் மனைவியார் வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டிருந்தார்.

அதே நிக்காஹில் அவர் தம் பங்காக ஒன்று செய்தார். லாத்தாவின் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தவர். அவரைக் கவனிக்க ஆள் இல்லாமல் லாத்தாவால் ஜவுளி எடுக்கக்கூட வெளியே போக முடியவில்லை. நம் மனைவியார் ஐந்து நாட்கள் அங்கே தங்கி, அந்த முதியவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, துணி துவைத்துக் கொடுத்தார். பேருந்துக் கட்டணத்தைத் தவிரச் செலவில்லை. லாத்தா இன்றும் அந்த ஐந்து நாட்களைச் சொல்லி துஆச் செய்கிறார். கிரைண்டரைப் பற்றி நாமும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றிலும் விரித்துவிட்டுப் பின் வருந்தி உட்காரவும் வேண்டாம் என்ற பொருளில் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் இறைவன் அறிவுறுத்துகிறான். நாம் விரித்தது நம் கையைக்கூட அல்ல, மனைவியின் காதை! இதைச் சொல்லும்போது, வசதி படைத்தவர்கள் இந்த உரையைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளம்பு ஹதீஸ் குளம்பு மட்டுமே உள்ளவருக்கு ஆறுதல். மந்தையே வைத்திருப்பவர் அதைக் காட்டிக் கையைச் சுருக்கிக்கொள்ளக் கூடாது.

சரி, சிறிய தொகையைக் கையில் வைத்திருப்பவர் எதைக் கொடுப்பது? ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று புகாரியில் உள்ளது. ஒரு பெண்மணி தம் கையாலேயே நெய்த போர்வையொன்றை அண்ணலாருக்குக் கொண்டுவந்தார். அண்ணலார் அது தமக்குத் தேவையாக இருந்த நிலையில் அதைப் பெற்று அணிந்துகொண்டார்கள். அறிவிப்பாளர் அதன் விலையைச் சொல்லவில்லை. கையால் நெய்யப்பட்டது என்பதையும், தேவையாக இருந்தது என்பதையும் சொல்கிறார்.

ஸாஹிர் (ரலி) என்ற கிராமவாசியின் செய்தி இன்னும் இனிமையானது. திர்மிதி இமாமின் ஷமாயில் நூலில் அனஸ் (ரலி) வாயிலாக வருகிறது. அவர் பாலைவனத்திலிருந்து வரும்போது அங்கே விளைவதை அண்ணலாருக்குக் கொண்டுவருவார். அவர் திரும்பும்போது, நகரத்தில் கிடைப்பவற்றைக் கொடுத்து அண்ணலார் வழியனுப்புவார்கள். அவர் நமக்குப் பாலைவனம், நாம் அவருக்கு நகரம் என்ற கருத்தில் சொல்லவும் செய்தார்கள். ஸாஹிர் பார்வைக்கு அழகற்றவர். ஒருநாள் கடைத்தெருவில் அவர் தம் பொருளை விற்றுக்கொண்டிருந்தபோது அண்ணலார் பின்னால் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்பதும் அதே செய்தியில் உண்டு. நமக்கு எளிதாகவும் மற்றவருக்கு அரிதாகவும் இருப்பது எதுவோ அதைக் கொடுப்பதுதான் அவர்கள் இருவரின் வழக்கமாக இருந்திருக்கிறது. பாலைவனத்துக்காரர் கடன்பட்டு நகரத்துப் பொருளை வாங்கிவரவில்லை.

தையல் தெரிந்த சகோதரிக்குத் துணியைவிடத் தையல்தான் மலிவு. தையற்கூலி கொடுத்து மாளாத வீட்டுக்கு அதுவே பெரிய கொடை. நன்றாக எழுதத் தெரிந்த மாணவர், முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தம் பாட்டியாரை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். இப்படி நீட்டிக்கொண்டே போகலாம். அவரவர் வீடு அவரவருக்குத் தெரியும். ஆனால் இதற்குப் பணத்தைவிட வேறொன்று அதிகம் செலவாகிறது. எதிரே இருப்பவர் எதில் சிரமப்படுகிறார் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடையில் முப்பத்து நான்கு சோப்புகளை ஒரே கூடையில் எடுத்துப் போடுவது அதைவிட எளிது.

அந்த வாலிபரின் கதைக்கு வருவோம். அவர் வருவதற்கு முன், பெண்களுக்கான தஃலீம் மஜ்லிஸில் பொதுவாக ஒரு வேண்டுகோள் வைத்தோம். பயணத்திலிருந்து யார் வந்தாலும் முதல் மூன்று நாட்களுக்கு அவர் வீட்டுக்குச் சென்று பெட்டியைப் பற்றிப் பேச வேண்டாம். செல்பவர்கள் ஒரு கிண்ணம் கறியாணமோ நாலு முட்டையோ கொண்டு செல்லுங்கள் என்றோம். கொண்டும் சென்றார்கள். அந்த அம்மையார், மகன் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை வீட்டுக்கு ஏழு என்று பொட்டலமிட்டுக் கொடுத்தார். பெட்டியில் வேறு என்ன இருந்தது என்றால், பாதிக்கு மேல் அவருடைய பழைய உடைகள். அடியில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர்கள். விடுப்பில் இருந்த நாற்பத்தைந்து நாட்களில் அவர் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்றார். மெதுவாகச் சுற்றிய மின்விசிறிகளுக்குக் கண்டென்சர் மாற்றினார். பெரியம்மா வீட்டில் தண்ணீர் மோட்டாருக்குப் போன கம்பி தோலுரிந்து கிடந்ததைக் கண்டு மாற்றிக் கொடுத்தார். அந்தக் கம்பியைத் தொட்டிருந்தால் ஒரு ஜனாஸா எடுத்திருப்போம். முப்பத்து நான்கில் இருபத்தாறு வீடுகள் முடிந்தன என்று கணக்குச் சொன்னார்.

ஒரேயொரு வீட்டில் மட்டும் 'பேரீச்சம்பழம்தானா?' என்ற சொல் எழுந்ததாம். எந்த வீடு என்று கேட்காதீர்கள். அந்த வீட்டு மின்விசிறியும் இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

தாயாருக்கு என்ன செய்தார் என்று கேட்டோம். அந்த அம்மையார் தஹஜ்ஜுத் தொழ எழுபவர். விளக்கின் சுவிட்ச் கதவருகே இருந்தது. கட்டிலிலிருந்து அதுவரை இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்து விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். மகனிடம் தொலைபேசியில் அதைச் சொல்லவேயில்லை. வந்த முதல் வாரத்திலேயே அவர் அதைக் கண்டுகொண்டு, தலைமாட்டில் கையெட்டும் இடத்தில் டூ வே சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். கதவருகிலும் போடலாம், கட்டிலிலிருந்தும் போடலாம். சுவிட்சுகளுக்கும் வயருக்குமாகச் சேர்ந்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. முந்நூறு திர்ஹம் அல்ல.

ஸுப்ஹு பாங்கு சொல்ல நாம் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறோம். அவர் திரும்பிச் சென்று பல மாதங்கள் ஆகிவிட்டன. அந்நேரத்தில் அந்த வீட்டுச் சன்னலில் வெளிச்சம் தெரிகிறது.