கடைசி வரிசைக்குக் கேட்டது

(தந்தையாரின் படத்திறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசியல் மேடைகளில் பேசிப் பழகிய நாக்கு இன்று தயங்குகிறது. இங்கே திறந்து வைக்கப்பட்டிருக்கும் படம் என் தந்தையாருடையது. அவர் அமைச்சராக இருந்தவரல்லர், சட்டமன்றம் சென்றவரல்லர், அவர் பெயர் எந்த ஏட்டிலும் வந்ததில்லை. பகலெல்லாம் தறி நெய்தார், இரவெல்லாம் பாடினார். ஊரார் அவருக்குச் சூட்டிய பட்டம் ஒன்றே ஒன்று: கூத்தாடி!

அந்தப் பட்டத்திற்கு என் தந்தையார் கொடுத்த விலை என்ன? கேளுங்கள், தோழர்களே!

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1922இல் அவர் மறைந்த பின்னரும் பாலர் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றி வந்தன. அப்படியொரு கம்பெனியில் ஒன்பது வயதிலே சேர்ந்தார் என் தந்தையார். பாட்டின்மீது கொண்ட பற்று அழைத்தது, பசியும் அழைத்தது! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்தச் சிறுவனுக்கு நாடகப் பாடமே அரிச்சுவடி. முதலில் பாட்டை மனப்பாடம் செய்தார். பிறகு அதே பாட்டை ஏட்டில் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்தைக் கற்றார்.

பதினான்காம் வயதில் மகரக்கட்டு வந்தது. ஸ்திரீபார்ட் பாடிய குரல் உடைந்தது. உடைந்த குரலுக்குக் கம்பெனியில் இடமில்லை. வழிச்செலவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டனர். தறிக்குழியில் இறங்கினார். தறியின் ஓசையைத் தாளமாக்கிப் பாடிப் பாடியே புதிய குரலைத் தேடிக்கொண்டார். பின்னர் ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட்டாக நின்றார். விடிய விடிய நாடகம், விடிந்ததும் தறி. காதோரத்தில் அரிதாரம் அழியாமலே அவர் நெய்து கொண்டிருந்ததைக் கண்டவன் நான்.

அவர் வணங்கிய கலைஞர் விசுவநாததாஸ். சிவகாசியில் 1886இல் பிறந்தவர். முடிதிருத்தும் சமூகத்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தோர் உண்டு. விடுதலைப் பாட்டைப் பாடினார் என்பதால் அவரைச் சிறையில் தள்ளியது வெள்ளையர் அரசு. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில், முருகன் வேடத்தில், மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. பாட்டு வெறும் பொழுதுபோக்கென்றால், நாடகங்களைத் தடை செய்வதற்கென்றே 1876இல் ஒரு சட்டம் எதற்கு? பீரங்கி படைத்த பேரரசு ஆர்மோனியத்தைக் கண்டு அஞ்சியது, தோழர்களே! கூத்தாடியின் வலிமையை ஊரார் அறியவில்லை, ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

ஊராரைக் குறை கூறுகிறேனே, நான் மட்டும் அறிந்திருந்தேனா?

பள்ளியிலே, "தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று ஆசிரியர் கேட்டார். "நெசவு" என்றேன். பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை. "கூத்தாடி மகன்" என்று பிள்ளைகள் நகைப்பார்களே என்ற அச்சம்! ஆண்டு விழாவிற்கு அப்பா வந்தார். யாரோ அவரை அடையாளம் கண்டு, "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றனர். எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். "தொண்டை சரியில்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அதன்பின் என் பள்ளிக்கு அவர் வரவேயில்லை.

ஆண்டுகள் உருண்டன. நான் முதன்முதலில் பேசிய தெருமுனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி பழுதாகி நின்றது. கூட்டம் கலையத் தொடங்கியது. மூச்சை அடிவயிற்றில் நிறுத்தினேன். சொல்லை உடைக்காமல் உயர்த்தினேன். கலைந்தவர்கள் திரும்பி வந்தார்கள். எவரும் எனக்குக் கற்பிக்காத வித்தை என்று மகிழ்ந்தேன். எவரும் கற்பிக்கவில்லையா? தறிக்குழியிலிருந்து நாள்தோறும் என் காதில் விழுந்த பாடம் அல்லவா அது!

அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றிருக்கிறார். வீட்டிற்கு வந்ததும் ஒரே சொற்றொடர்தான் சொன்னார்: "கடைசி வரிசைக்குக் கேட்டது."

பாட விடாத மகனைப் பாராட்டினார் அந்தத் தந்தை. அன்றே அவர் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காலம் கடந்துவிட்டது. ஆகவே இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன்.

தோழர்களே! மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இன்றும் விடிய விடிய நாடகம் நடக்கிறது. உங்கள் ஊர்த் திருவிழாவிற்கு அக்கலைஞர்கள் வந்தால், பேசிய தொகையைப் பாக்கி வைக்காமல் கொடுங்கள். பந்தியில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள். அவர்களுடைய பிள்ளைகள், "என் தந்தை நடிகர்" என்று பள்ளியிலே தலைநிமிர்ந்து சொல்லட்டும்.

நான் சொல்லத் தவறியதை இன்று சொல்கிறேன்: நான் கூத்தாடியின் மகன்!