வீட்டுமனையும் காணிக்கைப்பெட்டியும்

பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்திருக்கும் ஆயர்களுக்கும், இறையியல் கல்லூரி மாணவர்களுக்கும், இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கத்தையும் விட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சிப்காட் தொழிலாளர்களுக்கும் என் அன்பு. இந்தக் கருத்தரங்கைத் தலைமையேற்றுத் தொடங்கிவைக்க அழைத்த குழுவினருக்கு நன்றி.

தன்னைக் காத்துக்கொள்வதா, தன்னைக் கொடுப்பதா என்பதே இரண்டு நாளும் நாம் பேசப்போகும் பொருள். இதற்குப் பிரசங்க மேடை இருக்கிறதே, ஆய்வரங்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பிரசங்க மேடையில் தியாகம் எப்போதும் அழகாகவே தெரியும். கொடுத்தவர் யார், அவர் இழந்தது என்ன, அந்த இழப்பு கடைசியில் யார் தலையில் போய் விழுந்தது என்று துருவிக் கேட்பது ஆய்வாளரின் வேலை. இந்தக் கேள்விகளைத் திருவள்ளூர் மண்ணிலேயே நின்று கேட்கலாம். அதற்கு வேண்டிய வரலாறு இங்கேயே கிடக்கிறது.

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முன்பு இது செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதி. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் வாழ்நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். கடனுக்குத் தன்னையே அடகு வைத்துப் படியாளாக உழைக்கும் மனிதன், தரிசு நிலம் கேட்டுத் தரக்காஸ்து போட்டாலும், அந்த நிலத்தை முதலில் கேட்கும் உரிமை மிராசுதாருக்கே இருந்தது. அதைவிடக் கொடுமை, அவன் குடிசை நின்ற சேரிநத்தம்கூட அவனுடையதாக இல்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். இந்த அறிக்கையையும் மிஷனரிகளின் தொடர்ந்த முறையீடுகளையும் அடுத்து, 1892 செப்டம்பர் 30 அன்று அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சென்னை மாகாண அரசு 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்லும் நிலங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த ஆண்டுகளில் இங்கே திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டில் இருந்தவர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. ஷெட்லாந்து தீவுகளில் பிறந்து 1882இல் இந்தியா வந்தவர். செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். இருவரும் நிலப்பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். 1894இல் 'ஹார்வெஸ்ட் ஃபீல்ட்' இதழில் பறையரும் நிலமும் என்பதையே பொருளாக வைத்துக் கௌடி எழுதினார். ஒரு மிஷனரி செய்வதற்குப் பாதுகாப்பான வேலைகள் அன்றைக்கு எத்தனையோ இருந்தன. பட்டணத்தில் மேல்சாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தினால் மரியாதை கிடைக்கும். மிராசுதாரும் தாசில்தாரும் நாற்காலி போட்டு உபசரிப்பார்கள். ஆத்துமாவைப் பற்றி மட்டும் பேசுகிறவரை யாரும் பகைக்கமாட்டார்கள். நிலத்தைத் தொட்டால் எல்லாம் மாறும். மிஷனுக்கு ஊரில் இருந்த நல்ல பெயர்தான் அன்று செலவானது. பணம் கொடுப்பதைவிட நல்ல பெயரைச் செலவழிப்பது கடினமானது என்பது என் எண்ணம். நம் சபைகளில் தாராளமாகக் காணிக்கை போடுகிறவர்களில் பலரும் தயங்கி நிற்கும் இடம் இதுதான்.

கௌடியின் நோக்கம் கலப்பில்லாதது என்று நான் வாதாடவில்லை. நிலம் கேட்டு வந்தவர்களைச் சபைக்குள் சேர்ப்பதும் அவருடைய விருப்பமாக இருந்தது. வயிற்றுக்காக வருகிறார்கள் என்று மிஷனரிகளுக்குள்ளேயே விவாதம் நடந்தது. அந்த விவாதத்தை மறைக்காமல் படிக்கவேண்டும். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட பறையர் பிரச்சினை பற்றிய ஆய்வுநூல், இந்த முழு வரலாற்றையும், அதில் மிஷனரிகளின் பங்கையும் பட்சபாதமில்லாமல் கிளறிப் பார்க்கிறது. மாணவர்கள் அதோடு வாதம் செய்தே ஆகவேண்டும்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. கௌடி ஒருவேளை தோற்றிருந்தால் கப்பலேறி ஊருக்குப் போயிருக்கலாம். தரக்காஸ்து மனுவில் கைநாட்டு வைத்த படியாள் எங்கே போவான்? நிலத்துக்குப் போகும் வழியை மறிப்பது, மாட்டைப் பட்டியில் அடைப்பது, பொய் வழக்குப் போடுவது, கடனை ஒரே நாளில் திருப்பிக் கேட்பது என அவன்மேல் வந்த நெருக்கடிகள் அக்கால எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவன் கைநாட்டு வைத்தது தனக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஒருவன் துணிந்தால் சேரி முழுவதும் துணியும். ஒருவனை அடித்தால் சேரி முழுவதும் அடங்கும் என்பது மிராசுதாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தே முன்னால் போனான். இந்த மாவட்டத்தில் தன்னைக் கொடுத்தவர்களின் வரிசையில் முதலில் நிற்பவன் அவன்தான். கௌடியின் பெயர் திருவள்ளூரில் பள்ளிக்கூடத்தின் முகப்பில் நிற்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. கைநாட்டு வைத்தவனின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரியிலிருந்து தொடங்கும் ஆய்வு ஒன்றாவது இந்தக் கருத்தரங்கிலிருந்து பிறக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இங்கே வேதபாடத்துக்கு வருகிறேன். ஏழை விதவை இரண்டு காசு போட்ட நிகழ்ச்சியை அறுப்பின் பண்டிகைதோறும் கேட்கிறோம். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் 41ஆம் வசனத்திலிருந்துதான் வாசிக்கிறோம். அதற்கு முந்திய 40ஆம் வசனத்தில், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தின் சூடு தணியுமுன்பே ஒரு விதவை வந்து காணிக்கைப்பெட்டிக்கு முன்னால் நிற்கிறாள். வீட்டை விழுங்கிய அமைப்பின் பெட்டியிலேயே அவளுடைய கடைசிக் காசும் விழுகிறது. இயேசு அவளுடைய மனதை மெச்சினார். அந்தப் பெட்டியை வைத்திருந்தவர்களை அவர் மெச்சவில்லை. அடுத்த அதிகாரம் ஆலயம் இடிபடப்போவதைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. சேரிநத்தத்தில் தன் மனைக்கு உரிமையில்லாமல் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். பிரித்து வாசித்தால் இல்லாதவர்களிடமிருந்து கறக்கும் கருவியாகத் தியாகம் ஆகிவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் ஒரு சகோதரனிடம் போய், உன்னை வெறுமையாக்கு என்று போதிப்பதற்கு முன் ஆயர் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். பன்னிரண்டு மணிநேரம் உலைக்கு முன்னால் நின்று, பி.எஃப். பிடித்தார்களா கட்டினார்களா என்றுகூடத் தெரியாமல் இருக்கும் மனிதனை உலகம் முன்பே வெறுமையாக்கிவிட்டது. குடும்பத்துக்காகப் பொறுத்துப்போ என்று அடிபடும் பெண்ணுக்குச் சொல்லும் உபதேசமும் இதே வகை. பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் தம்மை வெறுமையாக்கின கிறிஸ்து அடிமை அல்லர். அடிமையின் ரூபத்தை எடுத்தவர். உயர்ந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் அந்தப் பாடம் முதலில் பொருந்தும். பவுலும் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது, ஒருவர் சுகப்பட மற்றவர் கஷ்டப்படவேண்டும் என்பது தன் எண்ணம் இல்லை, சமநிலைதான் நோக்கம் என்று விளக்குகிறார்.

இருந்தும் அதே அதிகாரத்தில் மக்கெதோனியா சபைகளைப் பற்றி அவர் சொல்வது என்னைச் சும்மா விடுவதில்லை. கடும் தரித்திரத்தில் இருந்தவர்கள் அவர்கள். தங்களையும் கொடுக்க அனுமதிக்கவேண்டும் என்று அவர்களே வற்புறுத்திக் கேட்டார்கள். ஏழையிடம் கேட்காதே என்று சொல்லி நாம் கதவை மூடினால், கொடுக்கும் கௌரவத்தையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். ஏழையைப் பிழிவதும் பாவம், அவர் கொடுக்கவந்ததை அற்பமாக எண்ணுவதும் பாவம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்த நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. மிசோரம் சபைகளில் 1910 முதல் அதே கைப்பிடி அரிசிதான் மிஷன் பணியின் முதுகெலும்பு. பானையில் குறைந்த அந்தப் பிடி அரிசி பெரும்பாலும் சமைத்தவளின் பங்கிலிருந்துதான் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் 1990இலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. மாத உதவித்தொகையும் ரேஷன் அரிசியும் வாங்கி, குறுகிய வீடுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, அதன் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். இத்தகைய முகாம்களில் பணிசெய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984இல் சந்திரகாசன் தொடங்கினார். கிறிஸ்தவராக வாழ்ந்து ஈழத் தமிழர் அரசியலை வழிநடத்திய எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் அவர். அகதியை உதவி வாங்குபவராக மட்டும் பார்க்காமல், அகதிகளே அகதிகளுக்கு ஆசிரியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் நிற்பது அந்த அமைப்பின் வழி. நாடும் மனையும் இல்லாதவர்கள் கொடுப்பவர்களாக நிற்கும் இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் சபைகள் கிறிஸ்துமஸுக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துத் திரும்புகின்றன. அங்கே கற்றுக்கொள்ளப் போனவர்கள் எத்தனை பேர்?

கொரோனா ஊரடங்கு நடந்த 2020 மே மாதத்தை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கல்கத்தா நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் எல்லை நோக்கி மூட்டையோடும் குழந்தையோடும் நடந்த கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் நீங்கள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகள். தொற்றுக்குப் பயந்து எல்லாரும் கதவைச் சாத்தியிருந்தபோது, சாலையோரத்தில் தண்ணீரும் சோறும் வைத்தவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். அந்த நாளில் தன்காப்பு என்பது வெறும் சொல் அல்ல, மூச்சுக்காற்று சம்பந்தப்பட்டது. அப்போது கதவைத் திறந்தவர்களின் வாய்மொழியை இன்னும் தாமதிக்காமல் பதிவுசெய்யவேண்டும்.

அந்த ஜார்கண்ட் பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். திருச்சி மாவட்டத்தில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி. நம் ஊர்ப் பிள்ளை ஜார்கண்டுக்குப் போய், ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த அவர்களின் இளைஞர்களுக்காகவும் வயதான காலம் வரை நின்றார். 2020 அக்டோபரில் கைதானார். தன்மேல் சாட்டப்பட்டதை மறுத்தார். வழக்கு விசாரணைக்கே வராமல் 2021 ஜூலை 5 அன்று மும்பையில் காவலில் இருந்தபடியே இறந்தார். வயது 84. நடுக்குவாதத்தால் கை நடுங்கிய முதியவர். நிலத்தை இழந்த ஜார்கண்ட்காரர்கள்தாம் இன்று நம் சிப்காட் உலைகளுக்கு வருகிறார்கள். அவர் அங்கே காக்க முயன்றதும் நாம் இங்கே பார்ப்பதும் ஒரே கதையின் இரு முனைகள்.

இந்தக் காலத்தில் சிறுபான்மைச் சபைக்குப் பயம் வருவது இயல்பு. 1999இல் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறுவர்களும் எரிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறை நாம். பயப்படுகிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் பயத்தையே நிர்வாகக் கொள்கையாக்கிவிட்டு அதற்கு விவேகம் என்று பெயர் வைப்பதை ஏற்கமுடியவில்லை. கட்டடம், காலிமனை, வங்கி வைப்பு, அவற்றுக்காக நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வழக்குகள் என்று நம் சபைகளின் கமிட்டி நேரத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. செங்கல்சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பத்தைப் பற்றியோ, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பற்றியோ பேச அந்தக் கூட்டத்தில் நேரமில்லை. ஜெர்மனியில் இறையியலாளர் போன்ஹோஃபர் சிறையிலிருந்து 1944இல் எழுதிய குறிப்பில், சபை தன் சொத்து முழுவதையும் தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும் என்றார். அதைக் கனவு என்று தள்ளிவிடலாம். ஆனால் நம் ஊரில் கேள்வி அத்தனை பெரியதல்ல. பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி உரியவர்கள் கையில் இல்லை. அதை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணை என்ற ஊரின் போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். அந்த நிலங்களின் பழைய ஆவணங்களில் ஒரு பகுதி சபை அலுவலக அலமாரிகளிலும் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்து ஆய்வாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் காட்டுவதால் நமக்குச் சில சங்கடங்கள் வரலாம்; நம்முடைய சொந்த மனைகளைப் பற்றியும் கேள்விகள் எழலாம். அந்தச் சங்கடத்தை ஏற்கும் சபைதான் ஈக்காட்டின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே ஆய்வுக்கட்டுரை வாசிப்பவர்களிடம் என் வேண்டுகோள்: மிஷன் அறிக்கைகள் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன, அரசு ஆணைகள் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றோடு நிறுத்திவிடாமல் நம் கிராமச் சபைகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளையும் கையில் எடுங்கள். கரையான் தின்பதற்கு முன் அவற்றை ஒளிப்படமாக எடுத்துவைக்கும் பொறுப்பை இங்கே வந்திருக்கும் ஆயர்கள் ஏற்கவேண்டும். நாளை மாலை நிறைவு அமர்வுக்கு முன்பே எந்தச் சபை எந்தப் பதிவேட்டைத் தருகிறது என்று பட்டியல் போட்டுவிடலாம். சிப்காட் தோழர்கள் நாளைக் காலை அமர்வில் முதலில் பேசவேண்டும். கட்டுரைகள் அவர்களுக்குப் பின்னால் வரட்டும். இத்துடன் முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.