மோஷன் பத்திப் பேசுவோம்: முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு

சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க யாராவது இருந்தா, பாஸ் பண்ணிட்டு அப்புறமா வாங்க. இன்னைக்கு நாம மலம் பத்தித்தான் பேசப்போறோம். 'மோஷன்'னு சொல்லுவோம், ஊர்ப்பக்கம் 'கொல்லைக்குப் போறது'ன்னு சொல்லுவோம். நேரடியா சொல்லவே மாட்டோம். அந்தக் கூச்சத்தால ரொம்பப் பாதிக்கப்படறவங்க, முதுகுத்தண்டுல அடிபட்டவங்க.

அரசு கடலூர் மருத்துவக் கல்லூரின்னு பேரு. ஆனா அது இருக்கறது சிதம்பரத்துல, அண்ணாமலை நகர்ல. பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் அது. கடலூர் டவுன்ல இருக்கற ஒருத்தர் அங்க செக்கப்புக்குப் போகணும்னா கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். அவர் பண்ருட்டிப் பக்கம் பலா மரத்துல இருந்து விழுந்தவரா இருக்கலாம், பைக்ல அடிபட்டவரா இருக்கலாம். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. வீல்சேரை வண்டியில ஏத்தறது கஷ்டம்தான், ஆனா அதுக்கு நாலு பேர் கை கொடுப்பாங்க. வழியில மோஷன் வந்துட்டா என்ன பண்றதுங்கறதை யார்கிட்டயும் சொல்ல முடியாது. அதனால முந்தின நாளே சோத்தை நிறுத்திடுவாங்க, தண்ணியையும் குறைச்சிடுவாங்க. இல்லன்னா செக்கப்பே வேண்டாம்னு வீட்லயே இருந்திடுவாங்க. பட்டினி இருந்தா மலம் இன்னும் இறுகும், அவ்வளவுதான்.

உள்ள என்ன நடக்குது? குடல் தானா அசையும், ஆனா மெதுவாயிடும். 'வருது'ன்னு மூளைக்குப் போற தகவலும், 'இப்ப வேண்டாம், அடக்கு'ன்னு மூளையில இருந்து வர்ற உத்தரவும் அறுந்துபோயிடுது. அடி மேல பட்டிருந்தா, அதாவது கழுத்து, நெஞ்சுப் பகுதின்னா, ஆசனவாய்த் தசை இறுக்கமாவே இருக்கும். ஆனா கீழ்த்தண்டுல இருக்கற ரிஃப்ளெக்ஸ் வேலை செய்யும். தண்டோட கடைசிப் பகுதியில, இடுப்புக்கிட்ட அடிபட்டிருந்தா அந்த ரிஃப்ளெக்ஸும் போயிடும். தசை தளர்ந்து கசிய ஆரம்பிக்கும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. பக்கத்து பெட்காரருக்கு சரியாப்போன மருந்தை வாங்கிப் போடறது அதனாலதான் சரிப்படாது.

ரிஃப்ளெக்ஸ் இருக்கறவங்களுக்கு இப்படிப் பழக்குவாங்க. தினமும், இல்லன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரம். சாப்பிட்டு, சூடா ஏதாவது குடிச்சு, 20-30 நிமிஷம் கழிச்சு ஆரம்பிக்கறது, ஏன்னா வயித்துல சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையும். ஆசனவாய்ல மாத்திரை வெச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு, கையுறை போட்ட விரல்ல ஜெல் தடவி, உள்ள மெதுவா வட்டமா 15-20 செகண்ட் சுத்தணும். சில நிமிஷம் விட்டு மறுபடியும். ரிஃப்ளெக்ஸ் இல்லாதவங்களுக்கு விரலாலயே மெதுவா எடுக்கணும். மலத்தைக் கொஞ்சம் கெட்டியா வெச்சுக்கணும். இதெல்லாம் கேட்டதும் செஞ்சு பாக்கற விஷயம் இல்ல. ஒரு தடவை நர்ஸோ டாக்டரோ பக்கத்துல இருந்து கத்துக்கொடுக்கணும். உடம்பு பழக சில வாரம் ஆகும்.

நம்ம கடலூர்க்காரருக்கும் வழி இதுதான். காலையில பயணம்னா, சில வாரம் முன்னாடியே ரொட்டீனை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமா மாத்திக்கலாம். கடைசி நாள் மாத்தினா உடம்பு கேக்காது.

இன்னொரு குழப்பம். நாலஞ்சு நாள் சரியா போகாம இருந்துட்டு, திடீர்னு தண்ணியா கசியும். வீட்ல பேதின்னு நெனச்சு பேதி நிறுத்தற மாத்திரை கொடுப்பாங்க. உள்ள கல்லு மாதிரி அடைச்சுக்கிட்டு, அதைச் சுத்தி நீர் மட்டும் கசியறதா இருக்கலாம். அப்ப அந்த மாத்திரை அடைப்பை இன்னும் மோசமாக்கும். டாக்டர்கிட்ட காட்டாம கொடுக்காதீங்க.

ஒரு எமர்ஜென்சியும் தெரிஞ்சிருக்கணும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவுல, டி 6ன்னு சொல்ற இடத்துலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு, குடல் அடைப்போ, மூத்திரப்பை நிறைஞ்சதோ ரத்த அழுத்தத்தை எகிற வைக்கலாம். மண்டை வெடிக்கற மாதிரி தலைவலி, முகம் சிவக்கும், வேர்த்துக் கொட்டும். படுத்திருந்தா உடனே உக்கார வைங்க, இறுக்கமான துணியைத் தளர்த்துங்க, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கான்னு பாருங்க. அடங்கலன்னா 108. மூளையில ரத்தக் கசிவு வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது.

அப்புறம் அந்த நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர். நிறைய வீட்ல இந்தியன் டாய்லெட்தான், குந்த முடியாது, அதனால அந்த சேர். எனக்கு அது மேல கோபம் இல்ல, ஏழை வீட்டோட புத்திசாலித்தனம் அது. ஆனா உணர்ச்சி இல்லாத தோல்ல அந்த ஓரம் அரைமணி நேரம் அழுத்தினா புண் வரும், அவருக்குத் தெரியவே தெரியாது. சுத்தி ஸ்பாஞ்ச் கட்டுங்க, முடிஞ்சதும் தோலைப் பாருங்க.

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் வழிகாட்டி இல்லாம இல்ல. வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல கார் விபத்துல கால் ரெண்டும் செயலிழந்தவங்க. வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணினாங்க. 1966ல வேலூர்ல மறுவாழ்வு மையம் வந்ததுக்கு அவங்கதான் காரணம். அவங்க வாழ்க்கையைச் சொல்றப்போ எல்லாரும் அந்த ஆபரேஷனைத்தான் சொல்லுவோம். தினமும் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க உடம்பும் இந்தக் கணக்கையெல்லாம் போட்டிருக்கும்ல?

2004ல அமெரிக்காவுல கிம் ஆண்டர்சன்ங்கற ஆராய்ச்சியாளர், அவங்களும் வீல்சேர்லதான், முதுகுத்தண்டு அடிபட்ட 681 பேர்கிட்ட 'எது திரும்பக் கிடைச்சா வாழ்க்கை நல்லாருக்கும்'னு கேட்டாங்க. 'நடக்கணும்'னு எல்லாரும் சொல்லியிருப்பாங்கன்னுதானே நினைப்போம்? கழுத்துல அடிபட்டவங்க முதல்ல கேட்டது கை. கீழ அடிபட்டவங்க முதல்ல கேட்டது தாம்பத்தியம். மலம், சிறுநீர் கட்டுப்பாடு ரெண்டு கூட்டத்துக்குமே முக்கியமா இருந்துச்சு. நாம பாக்கப் போறப்போ மட்டும் 'எப்ப தம்பி நடப்ப?'ன்னே கேக்கறோம்.

24 வயசுப் பையனுக்கு அம்மா இதைச் செய்யற வீடுகள் இருக்கு. ரெண்டு பேரும் கண்ணைப் பாத்துக்க மாட்டாங்க. கை நல்லா இருக்கறவர் இதைத் தானே செய்யக் கத்துக்கலாம், நிறைய பேர் செய்யறாங்க. அதை யாரும் அவர்கிட்ட சொன்னதில்லங்கறதுதான் கொடுமை. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் வீட்டுக்கே வர்றாங்க. காலை நீட்டி மடக்கறதோட அவங்களை அனுப்பிடாதீங்க. 'மோஷனுக்கு என்ன பண்றது, நானே செஞ்சுக்கலாமா'ன்னு கேளுங்க. கேக்கக் கூச்சமா இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க.

மூத்திரப்பை, கத்தீட்டர் கதை தனியா இருக்கு. அது அடுத்த எபிசோட்ல.