ஸ்பெக் ஷீட் பார்த்து அப்பாவுக்கு கீபோர்டு வாங்கின கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

வழக்கம்போல மணலி புதுநகர் வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல கன்டெய்னர் லாரி ஹார்ன் கேட்டா எடிட்டிங்ல விட்டுட்டேன்னு நினைக்காதீங்க, அதை எடுக்கவே முடியாது. எங்க ஏரியாவோட பேக்ரவுண்ட் மியூசிக் அது.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "அரேஞ்சர் கீபோர்டு வாங்கணும், எது வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பா பதில் சொல்லியிருக்கேன். தப்பா சொன்னது வேற யாருக்கும் இல்ல, எங்க அப்பாவுக்கு. அதனால அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பா ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஆனா சனி, ஞாயிறு வந்தா அவர் கீபோர்டு வாத்தியக்காரர். ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துற திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்துன்னு திருவொற்றியூர், எண்ணூர், ஆண்டார்குப்பம் பக்கமெல்லாம் மெல்லிசைக் குழுவுல வாசிச்சவர். எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினதுல அந்த வாசிப்புக் காசும் உண்டு. அதுக்கப்புறம் குழு சுருங்கிப் போச்சு. அப்பா தனியா வீட்டுல வாசிக்க ஆரம்பிச்சார். சாயங்காலம் ஏழு மணிக்கு டீயைக் குடிச்சிட்டு உட்கார்ந்தா ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தது. மணலி புதுநகர்ல வெள்ளம் எப்படி நின்னதுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்க அப்போ கீழ் வீட்டுல இருந்தோம். பீரோ, ஃப்ரிட்ஜ், சர்டிஃபிகேட்டுன்னு எதை எதையோ தூக்கினோம். கட்டிலுக்கு அடியில பையோட இருந்த கீபோர்டை யாரும் நினைக்கல. தண்ணி வடிஞ்சதும் அப்பா அதைத் திறந்து வெயில்ல வச்சார். மூணு நாள் காய வச்சும் பவர் லைட் மட்டும்தான் எரிஞ்சது. அவர் ஒண்ணும் சொல்லல. துணியால துடைச்சு மறுபடியும் பையில போட்டு வச்சார்.

எனக்கு அந்த வருஷ போனஸ் வந்தது. சர்ப்ரைஸா வாங்கித் தரலாம்னு முடிவு பண்ணேன். இன்ஜினியர் என்ன பண்ணுவான்? எக்செல் ஷீட் போட்டேன். எத்தனை டோன், எத்தனை பாலிஃபோனி, எவ்வளவு எடை, என்ன விலைன்னு காலம் காலமா போட்டு, எல்லாத்துக்கும் மார்க் குடுத்து, முதல் இடத்துல வந்ததை ஆர்டர் பண்ணேன். அது ஒரு சிந்தசைஸர். சவுண்ட் பிரமாதம்.

அப்பா ரெண்டு நாள் வாசிச்சார். "நல்லாத்தான் இருக்குப்பா"ன்னார். மூணாவது நாள் அது மேல அம்மாவோட பழைய புடவையைப் போர்த்தி வச்சிட்டார். ஒரு மாசம் அப்படியே இருந்தது. கடைசியில அம்மாதான் சொன்னாங்க: "அதுல தாளம் வரலையாம்டா. உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லாம இருக்காரு."

அரேஞ்சர்னா என்ன?

நான் பண்ண தப்பு இதுதான். வெளியில இருந்து பார்த்தா எல்லாமே கறுப்பு வெள்ளைக் கட்டைகள்தான். உள்ளே வேலை வேற வேற. டிஜிட்டல் பியானோவுல பெரும்பாலும் 88 கட்டை இருக்கும், அழுத்தினா நிஜப் பியானோ மாதிரி கனமா இறங்கும். சிந்தசைஸர்ல விதவிதமான சவுண்டை நீங்களே செதுக்கலாம், ஆனா கூட வாசிக்க ஒரு பேண்ட் வேணும். அரேஞ்சர்ல அந்த பேண்டே உள்ள இருக்கு.

இடது கையில ஒரு கார்டு பிடிச்சா போதும். சி மேஜர் பிடிச்சா டிரம்ஸ், பேஸ், கிதார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சி மேஜர்லயே வாசிக்கும். ஏ மைனருக்கு மாறினா மொத்தக் குழுவும் உங்க பின்னாடி வரும். இந்த ஒவ்வொரு தாள அமைப்புக்கும் ஸ்டைல்னு பேர், கேசியோவுல ரிதம்னு சொல்வாங்க. நல்ல மாடல்ல ஒரு ஸ்டைலுக்குள்ளயே இன்ட்ரோ இருக்கும், ஏ, பி, சி, டின்னு நாலு வேரியேஷன் இருக்கும், பல்லவியில இருந்து சரணத்துக்குத் தாவ ஃபில்-இன் இருக்கும், முடிக்க எண்டிங் இருக்கும். வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை குழுவை நடத்தும். அப்பா மாதிரி தனியா உட்கார்ந்து வாசிக்கிறவருக்குத் தேவை இதுதான். என் எக்செல் ஷீட்டுல இதுக்கு ஒரு காலமே இல்ல!

அந்த சிந்தசைஸரை பேண்ட் வச்சிருக்கிற ஒரு தம்பிக்கு ஆறாயிரம் ரூபா நஷ்டத்துல வித்தேன். அவனுக்கு அது சரியான கருவி. ரெண்டாவது தடவை அப்பாவையும் கூட்டிக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கினேன். அதுல கத்துக்கிட்டதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

முதல்ல உங்களைக் கேளுங்க

எங்க வாசிக்கப் போறீங்க? வீட்டுல மட்டும்னா கீபோர்டுலயே ஸ்பீக்கர் இருக்கணும். மேடைன்னா லைன் அவுட் இருக்கணும். சின்ன மாடல்கள் பலதுல ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்துதான் மிக்ஸருக்கு ஒயர் இழுக்க முடியும். இழுத்ததும் கீபோர்டு ஸ்பீக்கர் அமைதியாயிடும். சின்ன மாடல்கள் பலது பேட்டரியிலயும் ஓடும்ங்கிறது கரண்ட் போற ஊர்ல பெரிய விஷயம்.

யாரோட வாசிக்கப் போறீங்க? பாடகர் கூடன்னா டிரான்ஸ்போஸ் பட்டன் எங்க இருக்குன்னு பாருங்க. மேடையில பாடகர் திரும்பி "அரைக் கட்டை இறக்குங்க"ன்னு சொல்லுவார். அந்த நேரத்துல மெனுவுக்குள்ள மூணு பக்கம் போய்த் தேட முடியாது.

என்ன பாட்டு? நம்ம ஊர்ல இதுதான் முக்கியம். வெளிநாட்டு மாடல்ல போல்கா, வால்ட்ஸ், பாசா நோவா எல்லாம் வரிசையா இருக்கும். நம்ம தெம்மாங்குக்கும் குத்துக்கும் ஏத்த 6/8 நடை ஒண்ணு ரெண்டு இருந்தாலே அதிசயம். இதுக்காகவே இந்தியாவுக்குன்னு தனி மாடல்கள் வருது. கேசியோவுல சிடி-எக்ஸ்870ஐஎன், சிடி-எக்ஸ்9000ஐஎன் மாதிரி கடைசியில "ஐஎன்" போட்டது. யமஹாவுல பிஎஸ்ஆர்-ஐ500. அதுல தம்பூராவும் தபலாவும் போட்டு சாதகம் பண்றதுக்கு "ரியாஸ்"னு தனி வசதியே உண்டு. யமஹா 2019-ல இருந்து சென்னைக்குப் பக்கத்துலயே தொழிற்சாலை வச்சு கீபோர்டு தயாரிக்கிறாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை: இந்திய ரிதம்னு போட்டிருந்தா பாங்ரா, கர்பா, கஜல்னு வடக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். நம்ம நடை எத்தனை இருக்குன்னு ஒவ்வொண்ணா போட்டுக் கேளுங்க. வெளியில இருந்து ஸ்டைல் ஃபைலை யுஎஸ்பி வழியா ஏத்த முடியுமான்னும் கேளுங்க.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். கட்டைன்னா கட்டைதான், ரெண்டு கட்டைக்கு நடுவுல சுரம் கிடையாது. கமகம் வராதுங்கிற இதே காரணத்தையும் சொல்லித்தான் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல இருந்து 1971 வரைக்கும் தள்ளி வச்சது. கீபோர்டுல இதுக்கு பிட்ச் பெண்ட் வீல் இருக்கு. இடது கை அந்த வீல்ல இருக்கும், வலது கை சுரத்தைப் பிடிக்கும். கீபோர்டு சத்யநாராயணன் வாசிப்பைக் கேட்டா இது எவ்வளவு தூரம் போகும்னு தெரியும். அதனால பிட்ச் பெண்ட் இல்லாத மாடல் கர்நாடகத்துக்கு வேண்டாம். ரொம்ப விலை குறைஞ்ச மாடல்கள் பலதுல அது இருக்காது.

நம்பர்கள்ல எதை நம்பலாம்?

600 டோனா 900 டோனாங்கிறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வழக்கமா வாசிக்கிறது பதினைந்துக்குள்ளதான் வரும். ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், பியானோ, நாதஸ்வரம் நாலும் எப்படி இருக்குன்னு கேட்டாலே பாதி முடிவு தெரிஞ்சிடும்.

பாலிஃபோனியைக் கவனிங்க. ஒரே நேரத்துல எத்தனை சுரம் ஒலிக்கும்ங்கிற கணக்கு அது. "எனக்கு பத்து விரல்தானே"ன்னு நினைக்காதீங்க. அரேஞ்சர்ல டிரம்ஸ், பேஸ், கிதார்னு பின்னாடி வாசிக்கிற குழுவும் அதே கணக்குலதான் எடுக்கும். பெடலை மிதிச்சா பழைய சுரங்களும் நிக்கும். 32 சில நேரம் திணறும். 64 பெரும்பாலும் போதும்.

டச் ரெஸ்பான்ஸ் கட்டாயம். மெதுவா தொட்டா மெதுவா, அழுத்தினா சத்தமா ஒலிக்கணும். பழகுற குழந்தைக்கு வாங்குறீங்கன்னா இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. அப்புறம் கட்டை எண்ணிக்கை: 61 போதும், அது ஐந்து ஸ்தாயி. மினி கீ மட்டும் வேண்டாம், விரல் தப்பான இடைவெளிக்குப் பழகிடும்.

ரிஜிஸ்ட்ரேஷன் மெமரியைப் பத்தி யாரும் பேசறதில்லை. ஒரு பாட்டுக்கான ஸ்டைல், டோன், டெம்போ, டிரான்ஸ்போஸ் எல்லாத்தையும் ஒரே பட்டன்ல சேமிக்கிறது அது. சாஃப்ட்வேர்காரங்களுக்குச் சொல்லணும்னா கான்ஃபிக் ஃபைல். மேடையில ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல பத்து செகண்டுதான் கிடைக்கும். அங்க உங்களைக் காப்பாத்துறது இதுதான்.

விலையைப் பொறுத்தவரைக்கும் மூணு படி. பத்து, பதினைந்தாயிரம் பழகுறவங்களுக்கு. முப்பதாயிரத்தை ஒட்டி வர்ற இந்திய மாடல்கள்ல வீட்டு வாசிப்பும் சின்ன மேடையும் தாராளமா ஓடும். அதுக்கு மேல யமஹாவோட பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசை, கோர்க் பிஏ வரிசை. அங்க தொடுதிரை, நீங்களே ஸ்டைல் எழுதுற வசதி, எஸ்எக்ஸ்900 மாதிரி மாடல்ல மைக் செருகினா பாடகர் குரலுக்கு ஹார்மனி சேர்க்கிற வசதியெல்லாம் வரும். லட்சத்தைத் தாண்டும். மாசம் நாலு கச்சேரி உறுதியா இருந்தா போட்ட காசைத் திருப்பி எடுக்கலாம். "என்னைக்காவது மேடை ஏறுவேன்"னு வாங்கினா இஎம்ஐதான் முதல்ல ஏறும்.

கடையில

உங்களுக்குத் தெரிஞ்ச மூணு பாட்டை முடிவு பண்ணிட்டுப் போங்க: ஒரு மெலடி, ஒரு குத்து, ஒரு பக்திப் பாட்டு. கடைக்காரர் டெமோ போட்டா மரியாதையா கேட்டுட்டு, "நான் வாசிச்சுப் பார்க்கலாமா"ன்னு கேளுங்க. டெமோவுல எல்லா கீபோர்டும் நல்லா இருக்கும். வாசிச்சுக்கிட்டே பட்டனைப் பார்க்காம ஃபில்-இன் போட முடியுதான்னு பாருங்க. சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு கேளுங்க. உப்புக்காத்து அடிக்கிற நம்ம பக்கத்துல கட்டைக்கு அடியில இருக்கிற கான்டாக்ட் ஒருநாள் மக்கர் பண்ணும், அப்போ தேவைப்படும். வாசிச்சு முடிச்சதும் துணி போட்டு மூடுங்க. வெள்ளம் வர்ற ஏரியான்னா பரண்ல வைங்க. இது அனுபவம்.

அப்பா ரெண்டாவது கடையிலேயே முடிவு பண்ணிட்டார். நான் காட்டினதை விட எட்டாயிரம் கம்மியான மாடல். "ஏம்ப்பா இது?"ன்னு கேட்டேன். "ஃபில்-இன் பட்டன் கட்டை விரலுக்கு எட்டுது"ன்னார். அவ்வளவுதான். எந்த மாடல்னு சொல்லப் போறதில்லை. சொன்னா நீங்களும் அதையே வாங்குவீங்க, உங்க கட்டை விரல் வேற.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிக்கிறேன். அப்பா குழுவுல டோலக் வாசிச்ச மாமா ஒருத்தர் இருக்கார். பன்னிரண்டு பேரா இருந்த குழு நாலு பேரா ஆனதுக்கு இந்த மாதிரிக் கருவியும் ஒரு காரணம்னு அவருக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். புது கீபோர்டு வந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். அப்பா ஸ்டைல் போட்டு ஒரு பாட்டு வாசிச்சார். மாமா சிரிச்சுக்கிட்டே "எனக்கு வேலையே இல்லையேப்பா"ன்னார்.

நல்ல அரேஞ்சர்ல ஸ்டைலோட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா நிறுத்தலாம். பேஸும் ஸ்ட்ரிங்ஸும் ஓடட்டும், டிரம்ஸ் மட்டும் வேண்டாம்னு சொல்லலாம். விலை குறைஞ்ச சிலதுல இது முடியாது, மொத்தமா ஆன் இல்லேன்னா ஆஃப். வாங்கும்போது இதையும் கேளுங்க. நான் கடையில கேட்கல. அப்பாதான் மேனுவலைப் புரட்டித் தேடிக் கண்டுபிடிச்சார். டிரம்ஸை நிறுத்திட்டு, "இப்போ வாசி"ன்னார். மாமா பக்கத்துல இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை மடிக்கு இழுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோலக்கோட வந்தார். இப்போ ஒவ்வொரு ஞாயிறும் வர்றார்.

உங்க வீட்டுல யாருக்காவது வாங்கப் போறீங்கன்னா, சர்ப்ரைஸ் குடுக்காதீங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போங்க.