அச்சம் போகும் திசை

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செய்தி ஏடுகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எனக்குப் பணித்திருக்கிறார். ஏடுகள் பொய் சொல்கின்றன என்று பேசினால் கைதட்டல் கிடைக்கும்; வேலையும் எளிதாக முடியும். ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடக் கசப்பானது. ஒரு பொய்கூடச் சொல்லாமல், உண்மைகளை மட்டுமே அச்சிட்டு, ஒரு நகரத்தையே தவறான திசையில் அஞ்ச வைக்க முடியும்.

இந்த நகரில் நாம் எதற்கு அஞ்சுகிறோம்? 2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில் பாதையில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். இந்த நாட்களை மறந்தவர் இங்கே யாருமில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் இதே நகரின் ரயில் பாதைகளில், குண்டுமின்றித் துப்பாக்கியுமின்றி, ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். கூட்ட நெரிசலில் வாசலில் தொங்கி விழுந்தவர்கள்; தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டவர்கள். நாளொன்றுக்கு ஐந்து பேருக்குக் குறையாது. அவர்களில் எத்தனை பேரின் பெயர் ஏட்டில் வருகிறது?

இது ஆசிரியர்கள் கூடிச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. செய்தி என்றாலே புதியது என்று பொருள். தினமும் நடப்பது புதியதல்ல. ஆகவே அது செய்தியும் அல்ல. தொழிலின் இயல்பே அப்படி. அமெரிக்காவில் இரண்டு ஊர்களின் நாளேடுகளைக் கோம்ப்ஸ், ஸ்லோவிக் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 1979-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயால் இறந்தவர்கள் கொலையுண்டவர்களைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. ஆனால் ஏடுகளிலோ, எல்லா நோய்களையும் சேர்த்து வந்த செய்திகளைப் போல மூன்று மடங்கு கொலைச் செய்திகள்! எதனால் மக்கள் அதிகம் சாகிறார்கள் என்று மக்களைக் கேட்டபோது, அவர்களுடைய கணக்கும் ஏட்டின் கணக்கையே ஒத்திருந்தது.

நம் நாட்டிலும் பாருங்கள். காசநோயால் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் இறக்கிறார்கள். காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் தாராவிக்கு இதைவிடப் பெரிய பகைவன் யார்? ஆனால் இருமலைக் கேட்டு நாம் அஞ்சுவதில்லை. புதிதாகக் குடிவந்த அயலானைக் கண்டுதான் அஞ்சுகிறோம்.

அஞ்சினால் என்ன, அது மனத்தோடு போகிற விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். அச்சம் போகும் திசையில்தான் அரசின் பணமும் போகும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே ஓடும் ரயில்களிலிருந்து பத்துப் பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் விழுந்தார்கள், சிலர் மாண்டார்கள். ஒரே நேரத்தில் விழுந்ததால் அது தலைப்புச் செய்தியாயிற்று. தலைப்புச் செய்தியானதால், இனி வரும் புறநகர் ரயில் பெட்டிகளுக்குத் தானாக மூடும் கதவு வைப்போம் என்று ரயில்வே அன்றைக்கே அறிவித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாக ஒவ்வொருவராக விழுந்து செத்தார்களே, அவர்கள் செய்த குற்றம் என்ன? தனித்தனியாகச் செத்ததுதான் குற்றம்!

தோழர்களே, இனி இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். தண்டவாளத்துக்கும் காசநோய்க்கும் முகம் இல்லை. மனிதனுக்கு முகம் உண்டு. ஆகவே அச்சம் எப்போதும் ஒரு முகத்தைத் தேடுகிறது. அந்த முகமாக இருந்து பார்த்தவர்கள் நாம்.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1960-இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், இந்நகரின் நிறுவனங்களில் அதிகாரிகளாக இருந்த தென்னாட்டவரின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. வசைமொழி கூடத் தேவைப்படவில்லை, பெயர்ப்பட்டியலே போதுமாயிருந்தது. அந்தப் பட்டியலில் தாராவியின் தோல் பதனிடும் பட்டறையில் நாற்றத்தில் நின்ற திருநெல்வேலித் தொழிலாளி உண்டா? மூட்டை சுமந்தவன் உண்டா? இல்லை. நாற்காலியில் இருந்தவர்களை மட்டும் எண்ணிக் காட்டினார்கள். படித்த மராத்தி இளைஞன், தன் வேலையைப் பறித்தவன் மதராசி என்று முடிவு கட்டினான். 1966-இல் சிவசேனை பிறந்தது. அடி விழுந்ததோ பட்டியலில் இருந்த அதிகாரிக்கு அல்ல. தெருவோரத்து உடுப்பி ஓட்டலுக்கும் வேட்டி கட்டி நடந்த ஏழைக்கும்தான்.

இதை நினைவூட்டக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று கைப்பேசிகளில் படங்கள் பரவின. இந்தி நாளேடு ஒன்றும் அதை வெளியிட்டது. பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. பரவிய படங்களில் ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூரார் மோதிக்கொண்டது என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துத் திரும்பியது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டி ரயில் ஏறிவிட்டார்கள். நடக்காத கொலைக்கு அஞ்சி, அன்றாடக் கூலியை விட்டு ஓடினார்கள்.

தமிழனைக் கொலைகாரனாகக் காட்டினார்களே என்று நமக்குக் கோபம் வந்தது. நியாயம். ஆனால் நம் ஊர் ஏடுகளையும் சற்றுப் பாருங்கள். தமிழன் திருடினால் 'வாலிபர் கைது' என்பது தலைப்பு. பீகாரி திருடினால் 'வடமாநில வாலிபர் கைது' என்பது தலைப்பு. திருட்டு ஒன்றுதான், ஊர் மட்டும் ஒருவனோடு ஒட்டிக்கொள்கிறது. பத்து முறை படித்தவனுக்கு வடநாட்டான் என்றாலே திருடன். இது 'மார்மிக்' பட்டியலுக்குத் தூரத்து உறவா, உடன்பிறப்பா? அந்தச் செய்தியை ஊரிலிருந்து உறவினர் அனுப்ப, இங்கே வந்தேறி என்று வசை வாங்கிய நாமே அதை நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். திருப்பூரில் அவன் யாரோ, மும்பையில் நாம் அவனே.

ஆகவே மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு இது நேர்ந்தது? இந்தப் படம் எங்கே, எப்போது எடுத்தது? குற்றத்துக்கும் ஊர்ப்பெயருக்கும் என்ன தொடர்பு? விடை கிடைக்காத செய்தி உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஏடு எண்ணாததை நாம் எண்ணுவோம். நம் பகுதி நிலையங்களில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்போம். நம் சந்துகளில் காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் யார் என்று வீடு வீடாக விசாரித்து, மருந்தகத்துக்கு அழைத்துப் போவோம். அந்த ரயில் கணக்கை நம் இதழின் முதல் பக்கத்தில் மாதந்தோறும் போடுவோம்.

தோழர்களே, அச்சம் இயற்கை. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம்மைக் கொல்வது எதுவோ அதற்கு அஞ்சுவோம். நம்மைப் போலவே பிழைக்க வந்தவனுக்கு அஞ்சவேண்டாம்.