திண்டிவனம் வரை ஒரு பயணச்சீட்டு

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் புகைவண்டி நிலையத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ரமணாசிரமப் பகுதியில் கூடும் அவைக்கு இப்பொருள் அயலானதன்று. இப்பகுதிக்குப் பெயர் தந்தவர் திருவண்ணாமலை மண்ணில் முதன்முதலாகக் கால்வைத்த இடம் புகைவண்டி நிலையமே.

1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமனுக்கு அப்போது வயது 16. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்துடன் விட்டுச் சென்றார். பழைய நிலப்படப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனமே திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள நிலையம் என்று முடிவுசெய்து, 2 ரூபாய் 13 அணாவுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். உண்மையில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளைப்பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பாதை இருந்தது, புத்தகம் அதை அறியவில்லை. வண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவர்தாம் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும் என்று வழி சொன்னார்.

ரமணரின் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் இடம் இது. ஓர் ஊருக்கு இருப்புப்பாதை போட்டுவிட்டால் மட்டும் அவ்வூர் எட்டும் தொலைவுக்கு வந்துவிடுவதில்லை. பாதை உண்டு என்ற செய்தி பயணியை அடையவேண்டும். கட்டணம் அவன் கைக்காசுக்குள் அடங்கவேண்டும். வண்டி அவனுக்கு இயலும் நேரத்தில் வரவேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் நிலையம் நிலையமாகிறது. முதலாவதை மௌல்வி நிறைவு செய்தார். இரண்டாவதில்தான் இடையூறு நேர்ந்தது. விழுப்புரத்தில் கையில் எஞ்சியிருந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைதான் சீட்டுக் கிடைத்தது. அங்கிருந்து நடந்தே அறையணிநல்லூர் சேர்ந்தார். பின்னர்த் திருக்கோவலூர்க் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் பெற்று, செப்டம்பர் 1 அன்று மீண்டும் வண்டியேறி அண்ணாமலையை அடைந்தார்.

அவர் வண்டியேறிய திருக்கோவலூர் நிலையம் பெண்ணையாற்றின் வடகரையில், இன்று அரகண்டநல்லூர் என வழங்கும் அந்த அறையணிநல்லூர்ப் பக்கத்தில் இருக்கிறது. பாரியின் மக்களைக் காத்த கபிலர் உயிர் துறந்த இடமென்று காட்டப்பெறும் கபிலர் குன்று இங்குள்ள ஆற்றில்தான் நிற்கிறது. மழையிரவில் முதலாழ்வார் மூவர் ஓர் இடைகழியில் ஒதுங்கியதும் திருக்கோவலூரில்தான் என்பர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே கொண்ட அவ்விடத்தில் நான்காமவராகத் திருமாலும் வந்து நெருக்கினார் என்பது வைணவ மரபு. அறிமுகமற்றோர் கேள்வியின்றி ஒதுங்குவதற்கும், ஒருவருக்கொருவர் இடம் விடுவதற்கும் அமைந்த இடத்துக்குத் தமிழ் மரபு தந்த உருவம் அந்த இடைகழி. சிற்றூர் நிலையத்தின் காத்திருப்புக் கொட்டகை அதற்குத் தொலைவான உறவன்று.

விழுப்புரம்–காட்பாடிப் பாதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் மீட்டர் பாதையாகவே இருந்தது. 2000களின் பிற்பகுதியில் அகலப்பாதைப் பணிக்காக வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீட்டர் பாதையின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே பழையதைப் பெயர்த்துப் புதியதை இட்டு முடிக்கும்வரை வழியிலுள்ள நிலையங்கள் வண்டியின்றிக் கிடந்தாகவேண்டும். திருவண்ணாமலை நிலையமும் அவ்வாறே கிடந்தது. பின்னர் அகலப்பாதையில் வண்டிகள் திரும்பின.

திரும்பியது பாதை, பயணியும் திரும்பினானா என்பதே கேள்வி. நிலையம் மூடப்பட்ட நாளிலேயே மக்கள் பேருந்துக்கு மாறிவிடுகிறார்கள். பால்காரர், பூ வியாபாரி, கல்லூரி மாணவர், நீதிமன்றத்துக்குப் போவோர் ஆகிய ஒவ்வொருவரும் தம் நாளைப் பேருந்தின் நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளில் வண்டியைக் காணாத பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அதன்பின் எழும் வாதம் எளியது: கேட்போர் குறைவு, ஆகவே வண்டி வேண்டியதில்லை. மூடியதனால் குறைந்த கூட்டமே மூடியிருப்பதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

தமிழகத்தில் இதற்கு இரு முடிவுகளும் உண்டு. 1926-இல் திறக்கப்பெற்ற மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதை 1986-இல் மூடப்பட்டது. மாற்றுப் பாதை இன்றுவரை வரவில்லை. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் பாதை 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. அகலப்பாதை வண்டி 2022-இல் தேனியையும், 2023 ஜூன் 15 அன்று போடியையும் எட்டியது. இவ்விலக்கிய வட்டத்தின் வயதைவிட நீண்ட காத்திருப்பு அது. போடியில் முதல் வண்டியைக் காண ஊரே திரண்டது என்றால், அவ்வளவு காலமும் வண்டியை மறவாமல் கேட்டுக்கொண்டிருந்தோர் அங்கே இருந்தனர் என்பது பொருள்.

திருவண்ணாமலைக்கு நிலையம் மீண்டது. ஆயினும் சென்னைக்கு நேர்வண்டி இல்லை என்ற குறை நெடுநாள் நீடித்தது. 2024 மே 2 முதல் சென்னைக் கடற்கரை–வேலூர்க் கண்டோன்மென்ட் வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. தொடக்கத்தில் கட்டணம் சுமார் 50 ரூபாய். பேருந்துக் கட்டணத்தை எண்ணித் தயங்கும் எளியோருக்கு இது பெரும் உதவி. ஆனால் மாலை 6 மணிக்குச் சென்னையில் புறப்படும் வண்டி நள்ளிரவையொட்டியே இங்கு வந்து சேரும் என்றும், இங்கிருந்து விடியற்காலை 4 மணிக்குப் புறப்படும் என்றும் நேரம் வகுக்கப்பட்டது. ஆசிரமமோ நிலையத்துக்கு மறுபுறம், மலையின் தென்னடிவாரத்தில், செங்கம் சாலையில் இருக்கிறது. அந்நேரத்தில் ஊரைக் கடந்து செல்ல வழியற்றவர் நிலையத்திலேயே விடியும்வரை காத்திருக்கவேண்டும். செய்தி உண்டு, கட்டணம் அடங்குகிறது; நேரம்தான் இன்னும் பொருந்தவில்லை.

வண்டி சுற்றி வருவதே இதற்குக் காரணம். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதையில் செல்ல இரு வழிகளே உண்டு. தெற்கே விழுப்புரம் சென்று வடக்கே திரும்பவேண்டும்; அல்லது வடக்கே காட்பாடி சென்று கிழக்கே திரும்பவேண்டும். இரண்டும் முக்கோணத்தின் இரு பக்கங்களைச் சுற்றிப் போவதே ஆகும். மூன்றாம் பக்கம் செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் நேர்கோடு. சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் புதிய பாதைக்கு 2006–07-இல் ஒப்புதல் கிடைத்தது. அடிக்கல்லும் நாட்டப்பட்டது. இன்றுவரை அதில் வண்டி ஓடவில்லை.

1896-இல் பழைய நிலப்படம் காட்டிய ஊர் திண்டிவனம். அந்தக் காலத்துக்கு அது பிழையான வழி. நூற்றாண்டுக்குப் பின் பொறியாளரின் வரைபடமும் அதே திண்டிவனத்தையே காட்டுகிறது. இம்முறை அது சரியான வழி. அன்று பாதை மண்ணில் இருந்தது, தாளில் இல்லை. இன்று பாதை தாளில் இருக்கிறது, மண்ணில் இல்லை.

இப்பாதையைக் கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் வரும் பெருங்கூட்டத்தின் பேரால் மட்டும் கேட்பது போதாது. விழா நாள்களுக்குச் சிறப்பு வண்டிகள் விட்டு அக்கோரிக்கையை நிறைவு செய்துவிட முடியும். கோட்டையால் புகழ்பெற்ற செஞ்சிக்கு நிலையமே கிடையாது. அவ்வட்டாரத்தில் நாள்தோறும் வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செல்வோருக்கு ஆண்டில் ஒருநாள் வரும் வண்டியால் பயனில்லை. மாற்று நிலையம் என்பது அவர்களுடைய விடியலையும் அந்தியையும் கருதி அமையவேண்டும். கட்டடம் எவ்வளவு பெரியது, நடைமேடை எவ்வளவு நீளம் என்பன பிறகு கேட்கத்தக்கவை. கையில் குறைந்த காசுடன் வரும் ஒருவன் இடையிலே இறக்கப்படாமல் ஊர் சேர்கிறானா என்பதே முதற் கேள்வி.

இதில் கவிஞருக்கும் எழுத்தாளருக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். பாதை போடுவது அவர்கள் தொழிலன்று. ஆனால் கேட்போர் குறைவு என்ற வாதத்தை முறிக்க வல்லது நினைவு ஒன்றே. மீட்டர் பாதை வண்டியில் கூடைகளோடு சென்றோர் இன்னும் இவ்வூரில் வாழ்கின்றனர். வண்டி நின்ற ஆண்டுகளில் தம் பிழைப்பு எவ்வாறு மாறியது என்று சொல்ல அவர்களால் முடியும். மாம்பழப்பட்டு, அரகண்டநல்லூர், செஞ்சி என்று ஊர் ஊராகச் சென்று அதைக் கேட்டு எழுதிவைப்பது இலக்கிய வட்டங்களால் இயலும் பணி. பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் அதைத் தொடங்குமானால் அதன் உறுப்பினர் பழைய நிலப்படமாகத் தேங்காமல், உடன்வரும் பயணிக்கு உரிய நேரத்தில் வழி சொன்ன அந்த மௌல்வியின் இடத்தைப் பெறுவர்.