குலசை ராக்கெட்டும் பதினொன்றாம் வகுப்புக் கணக்கும்



2024 பிப்ரவரி 28ஆம் நாள் நம்ம குலசையில், அதாவது குலசேகரப்பட்டினத்தில், ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீணாகும். நம் கரையிலிருந்து நேரே விடலாம். தசராவுக்கு வரும் வெளியூர்க்காரருக்கும் இதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் பேச வந்தது அந்த ராக்கெட்டைத் தூக்கும் கணக்கைப் பற்றி.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், 'ஒன்றின் கீழ் எக்ஸைத் தொகையிட்டால் என்ன?' என்று கேளுங்கள். 'லாக் எக்ஸ்' என்று பட்டென்று பதில் வரும். அந்த ஒற்றை வரிதான் ராக்கெட்! 1903இல் அதை ராக்கெட்டுக்குப் பொருத்தி வெளியிட்ட சியோல்கோவ்ஸ்கி, ரஷ்யாவின் கலூகா ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எரிபொருள் எரிய எரிய ராக்கெட்டின் எடை குறைகிறது. எடை குறையக் குறைய, அதே அளவு எரிபொருள் கூடுதல் வேகம் தருகிறது. நொடிக்கு நொடி சேரும் அந்தத் துளி வேகங்களையெல்லாம் கூட்டினால் மடக்கை, அதாவது அந்த 'லாக்', வருகிறது.

இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான நம் எஸ்.எஸ்.எல்.வி. கிளம்பும்போது சுமார் 120 டன். புவியீர்ப்பையும் காற்றையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். எரிந்து எரிந்து 44 டன்னாகும்போது, பின்னால் பீறிடும் வாயுவின் வேகத்தை அது எட்டும். இரண்டு மடங்கு வேகம் வேண்டுமா? 16 டன்னாக இளைக்க வேண்டும். மூன்று மடங்குக்கு 6 டன்! அதனால்தான் எரிந்து தீர்ந்த அடுக்கைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த அடுக்கோடு மேலே போகிறது. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

நுண்கணிதம் என்னும் இந்தக் கணிதத்தின் வாசல்வரை வந்தவர்கள் நம் மலைக்கு அந்தப் பக்கமே, கேரளத்தில், இருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் முடிவில்லாத் தொடர்களைக் கூட்டி வட்டத்தின் சுற்றளவைக் கண்டார். ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் எழுதிய 'யுக்திபாஷா', அந்த முடிவுகளுக்கெல்லாம் காரணத்தை மலையாளத்திலேயே விளக்கியது. நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்: சூத்திரத்தோடு நிற்காமல், அது ஏன் சரி என்று ஊர் மொழியில் எழுதினார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நுண்கணிதம் வர நெடுங்காலம் ஆனது. ஜெர்மனியில் பீலிக்ஸ் கிளைன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்று போராடி, 1905இல் மெரான் பாடத்திட்டத்தில் அதற்கு இடம்பிடித்துக் கொடுத்தார். இங்கே பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யூ.சி. படிக்கக் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டியிருந்தது. திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி 1965இல்தான் வந்தது. அதற்கு முன் பாளையங்கோட்டைக்கோ வேறு ஊருக்கோ போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? 1978இல் மேல்நிலைக் கல்வி வந்த பிறகு, வகையிடலும் தொகையிடலும் அரசுப் பள்ளியில் தமிழிலேயே கிடைத்தன. இது சாதாரண சாதனை அல்ல.

ஆனால் பல பள்ளிகள் என்ன செய்தன? பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்தன. எல்லையும் தொடர்ச்சியும், வகையிடலும், தொகையிடலும் தொடங்குவது பதினொன்றில். அடித்தளம் போடாமல் மாடி கட்டினார்கள்! அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை விலக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். தேர்வு போகட்டும், பாடம் போய்விடக் கூடாது.

இந்த வட்டாரத்துக் கணித ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். எல்லை என்ற பாடத்துக்கு அவசரப்படாமல் நாள் ஒதுக்குங்கள். தொகையிடல் வரும் வாரம், அந்த 120 டன் கணக்கைக் கரும்பலகையில் முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளே, 'பரீட்சைக்கு இது வராது' என்று யாராவது சொன்னால், 'பரவாயில்லை சார், எங்க ஊர் ராக்கெட்டுக்கு வரும், சொல்லிக் கொடுங்க' என்று எழுந்து நின்று கேளுங்கள்.